பிபிஎல் விமானிகளுக்கான மெடிக்கல்: என்ன இருக்கிறது, என்ன மாற வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு ஜக்கூரில் வார இறுதிகளில் சின்ன விமானம் ஓட்டுபவன் நான். நண்பர்கள் வட்டத்தில் விமானத்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட, அதற்கான டாக்டர் பரிசோதனையைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் பார்ப்பவர்கள், பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், அமெரிக்காவில் லைசென்ஸ் எடுத்துவிட்டு இங்கே திரும்பிய ஐ.டி.காரர்கள் என எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே சந்தேகங்கள். அவரவர் கேட்டபடியே கேள்விகளை எடுத்துப் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இந்த விதிகள் மாற வேண்டும் என்று உறுதியாக நினைப்பவன். அதை மறைக்காமல்தான் பதில் எழுதுகிறேன்.

பிபிஎல்னா என்ன சார்? சும்மா ஆசைக்கு ஓட்டுறதுக்கு எதுக்கு மெடிக்கல்?

பிபிஎல், அதாவது பிரைவேட் பைலட் லைசென்ஸ், காசு வாங்காமல், சொந்த விருப்பத்துக்காக விமானம் ஓட்டுபவர்களுக்கான லைசென்ஸ். 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும். இவற்றோடு செல்லுபடியாகும் மருத்துவச் சான்றும் வேண்டும். லைசென்ஸ் இருந்தும் மெடிக்கல் காலாவதி ஆகிவிட்டால் பறக்க முடியாது.

ஆசைக்கு ஓட்டினாலும் பக்கத்து சீட்டில் ஒருவர் இருப்பார், கீழே ஊர் இருக்கும். அதனால் உடல்தகுதியைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதில்தான் மாற்றம் வேண்டும் என்கிறேன்.

கிளாஸ் ஒன், கிளாஸ் டூன்னு சொல்றாங்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சம்பளத்துக்கு ஓட்டும் விமானிகளுக்குக் கிளாஸ் ஒன். பயிற்சி மாணவர்களுக்கும் பிபிஎல் வைத்திருப்பவர்களுக்கும் கிளாஸ் டூ. கிளாஸ் டூவை, நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களில் ஒருவரிடம் எடுக்கலாம். பழைய விமான நிலையச் சாலையில் விமானப்படையின் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசின் இருக்கிறதே, 1957-இல் தொடங்கியது, ககன்யான் விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்த இடம், அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் கிளாஸ் ஒன்னுக்காகப் போகிறவர்கள். பிபிஎல்லோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவர் அந்த வாசலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பிள்ளை பின்னாளில் ஏர்லைன்ஸுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும், பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே கிளாஸ் ஒன் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள்.

டெஸ்ட்ல அப்படி என்னதான் பண்ணுவாங்க?

எடை, உயரம், ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்ஸ்ரே, கண், காது. பெரும்பகுதி சாதாரண மாஸ்டர் ஹெல்த் செக்கப் போலத்தான் இருக்கும். புதிதாகத் தெரிவது இரண்டு. ஒன்று, புள்ளிப் புள்ளியாக அச்சிட்ட இஷிஹாரா புத்தகம். நிறங்களுக்குள் மறைந்திருக்கும் எண்ணைச் சட்டென்று படிக்க வேண்டும். இன்னொன்று, மருத்துவருக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வார்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று அவர் சாதாரணக் குரலில் ஏதாவது சொல்வார், திரும்பாமல் அதை அப்படியே சொல்ல வேண்டும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பலருக்குத் தங்கள் காது மந்தமாகியிருப்பது முதன்முதலில் தெரியவருவதும் இங்கேதான்.

கண்ணாடி போட்டிருக்கேன். சான்ஸே இல்லையா?

தாராளமாக இருக்கிறது. கண்ணாடியோடு பார்வை தேறினால் போதும். பறக்கும்போது அதைப் போட்டிருக்க வேண்டும், உதிரிக் கண்ணாடி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று சான்றிதழில் எழுதித் தருவார்கள்.

எனக்கு சுகர் இருக்குங்க. அவ்வளவுதானா?

நம் ஆட்கள் அதிகம் கேட்பது இதைத்தான். உணவுக் கட்டுப்பாட்டிலோ மாத்திரையிலோ சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வழி இருக்கிறது. எந்த மாத்திரை என்பது முக்கியம். மெட்ஃபார்மின் தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு வகை மாத்திரைகளில் அந்த ஆபத்து உண்டு. விமானிக்கு 200-ஐத் தொடும் சர்க்கரையைவிட, பறந்துகொண்டிருக்கும்போது 50-க்குப் போகும் சர்க்கரைதான் உடனடி ஆபத்து. அதனால்தான் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யோடு மருந்துச் சீட்டையும் கேட்கிறார்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு நிலைமை கடினம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் தரப்படி அவர்கள் தகுதியற்றவர்கள். அமெரிக்காவோ 1996 முதலே இன்சுலின் போடுபவர்களுக்கும் தனியார் விமானிக்கான மெடிக்கலை, ஒவ்வொருவராகப் பரிசீலித்துத் தந்துவருகிறது. பறப்பதற்கு முன்பும் பறக்கும்போதும் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. தோளில் ஒட்டிக்கொண்டே சர்க்கரையைக் காட்டும் சென்சார் இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. அந்த வசதி இல்லாத காலத்தில் போட்ட தடையை அப்படியே வைத்திருப்பது சரியில்லை.

டி.யூ. போட்டுட்டாங்கன்னு பையன் அழுவுறான். முடிஞ்சுதா?

முடியவில்லை. டி.யூ. என்றால் தற்காலிகமாகத் தகுதியில்லை என்று பொருள். அழுத்தம் ஏறியிருக்கலாம், சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம், எடை கூடியிருக்கலாம். குறிப்பிட்ட காலம் கழித்து மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். பி.யூ., அதாவது நிரந்தரத் தகுதியின்மைதான் பெரிய விஷயம். அதையும் நிபுணர் அறிக்கைகளோடு மறுபரிசீலனைக்குக் கொண்டுபோக வழி உண்டு.

என்ன காரணம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய இசிஜி, ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இசிஜியில் தெரியும் வளைவு பத்து வருடமாக அப்படியேதான் இருக்கிறது என்று காட்டப் பழைய தாளைவிட நல்ல சாட்சி கிடையாது.

சீர்திருத்தம் சீர்திருத்தம்னு சொல்றீங்களே, இப்ப இருக்கிறதுல அப்படி என்ன குறை?

முதல் குறை, பரிசோதனை ஒரே ஒரு நாளைத்தான் பார்க்கிறது. செவ்வாய்க்கிழமை எடுத்த இசிஜி சுத்தமாக இருந்ததால் அடுத்த மழைக்காலத்தில் மாரடைப்பு வராது என்று எந்த இதய மருத்துவரும் கையெழுத்துப் போடமாட்டார். ஆனால் கையில் சான்று இருந்தால், காலாவதி தேதி வரைக்கும் நாம் நலம் என்று நம்பிவிடுகிறோம்.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. இந்த முறை மறைக்கச் சொல்லிக் கொடுக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், நல்ல விமானி. ரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரைக்கு மாறச் சொல்லி அவருடைய டாக்டர் சொன்னார். மாறினால் கேள்வி வரும், டி.யூ. ஆகும் என்று பயந்து, "மெடிக்கல் முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். அத்தனை மாதமும் பறந்தார், கட்டுப்படாத அழுத்தத்தோடு. விதியின் நோக்கம் அவரைப் பாதுகாப்பது. நடந்தது நேர்மாறு. இவர் மாதிரி ஒவ்வொரு விமானத்தளத்திலும் யாராவது இருப்பார்கள்.

மூன்றாவது, அலைச்சல். அங்கீகாரம் பெற்ற மருத்துவர்கள் பெரிய ஊர்களில்தான் அதிகம். பெங்களூருக்காரனுக்கு அது பெரிய குறை இல்லை. கிருஷ்ணகிரியில் இருப்பவருக்கு ஒரு நாள் வேலை போகிறது. பல வருடமாக அவருக்கு வைத்தியம் பார்த்துவரும் உள்ளூர் டாக்டரை விட்டுவிட்டு, முதல்முறை பார்க்கும் ஒருவர் அரை மணியில் முடிவு செய்கிறார்.

வேற நாடுகள்ல என்ன செஞ்சிருக்காங்க?

அமெரிக்காவில் இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டுபவர்களுக்கு மெடிக்கல் கேட்பதில்லை. 2004-இல் ஸ்போர்ட் பைலட் என்ற பிரிவு வந்தபோது, மிகச் சிறிய விமானங்களுக்குக் கார் ஓட்டும் லைசென்ஸே உடல்தகுதிக்குப் போதும் என்றார்கள். அதன் பிறகு விமானிகள் அமைப்புகள் 2012-இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-விடம், இதை இன்னும் விரிக்கச் சொல்லி மனு கொடுத்தன. அது நகரவில்லை. அப்போது ஓக்லஹோமா செனட்டராக இருந்த ஜிம் இன்ஹோஃப் தானே ஒரு விமானி. அவர் விஷயத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2016 ஜூலையில் சட்டமாகி, 2017 மே 1 முதல் 'பேசிக்மெட்' நடைமுறைக்கு வந்தது.

அதன்படி, மாநில லைசென்ஸ் உள்ள எந்த மருத்துவரும் அரசு தந்த பட்டியலை வைத்து 48 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கலாம். 24 மாதத்துக்கு ஒருமுறை விமானி ஆன்லைனில் மருத்துவப் பாடம் ஒன்றைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒருமுறையாவது பழைய முறையில் மெடிக்கல் எடுத்திருக்க வேண்டும். மாரடைப்பு, பைபாஸ், வலிப்பு, சில மனநோய்கள் வந்தவர்கள் ஒருமுறை முழு விசாரணையைத் தாண்டி வர வேண்டும். 18,000 அடிக்குக் கீழேதான் பறக்கலாம், 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது, காசு வாங்கக் கூடாது. முதலில் 6,000 பவுண்டு எடை வரையிலான விமானங்களுக்கு மட்டும் இருந்ததை 2024 சட்டம் 12,500 பவுண்டுக்கு உயர்த்தியது. நம்பிக்கை வந்த பிறகு எல்லையை விரித்தார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரிட்டன் 2016-இல், கார் ஓட்டும் அளவுக்கு உடல்நலம் இருக்கிறது என்று விமானியே அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2024 பிப்ரவரியில் 'கிளாஸ் ஃபைவ்' கொண்டுவந்தது. அதுவும் சுய அறிவிப்புதான். ஆனால் 2,000 கிலோவுக்குள் இருக்கும் விமானம், ஒரே ஒரு பயணி, பகல் நேரம், 10,000 அடிக்குக் கீழே என்று வேலி இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள்.

அங்க விபத்து கூடிடுச்சா?

இல்லை. பேசிக்மெட் சட்டமே, சில ஆண்டுகளில் ஆய்வு அறிக்கை தர வேண்டும் என்று எஃப்ஏஏ-வுக்குக் கட்டளையிட்டிருந்தது. பேசிக்மெட் விமானிகளுக்கும் பழைய மெடிக்கல் வைத்திருப்பவர்களுக்கும் விபத்து ஆபத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றுதான் அந்த அறிக்கை சொன்னது. விமானத்துறை மருத்துவர்கள் பலருக்கு இது வியப்பாக இருந்திருக்காது. சிறிய விமானங்கள் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டுப்பாட்டை இழப்பது, மோசமான வானிலைக்குள் நுழைவது, எரிபொருளைக் கணக்கிடாமல் கிளம்புவது போன்றவைதான். ஓட்டும்போதே உடல் முடியாமல் போய் நடப்பவை மிகக் குறைவு.

அமெரிக்காவுல பேசிக்மெட்ல ஓட்டிட்டிருந்தேன். இப்ப வைட்ஃபீல்டுக்கு வந்துட்டேன். ஜக்கூர்ல ஓட்டலாமா?

முடியாது. பேசிக்மெட் அமெரிக்காவுக்குள்ளும், அதை ஏற்றுக்கொண்ட மெக்சிகோ, பஹாமாஸ் போன்ற மிகச் சில நாடுகளிலும்தான் செல்லும். இங்கே கிளாஸ் டூ எடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே பறந்த மணிகளைக் காட்டும் லாக்புக்கைப் பத்திரமாக வைத்திருங்கள். லைசென்ஸ் மாற்றத்துக்குத் தேவைப்படும்.

கார் ஓட்ட ஆர்டிஓ லைசென்ஸ் போதும்ல, அதையே விமானத்துக்கும் வெச்சா என்ன?

இந்த யோசனையை மட்டும் நான் ஆதரிக்கமாட்டேன். நம் நாட்டில் ஆர்டிஓவில் 40 வயதுக்குள் இருப்பவர் படிவம் 1-இல் தன் உடல்நலத்தைத் தானே அறிவிக்கிறார். 40-ஐத் தாண்டியவர் படிவம் 1ஏ-வில் மருத்துவர் கையெழுத்து வாங்குகிறார். சுய அறிவிப்பு இந்தியச் சட்டத்துக்குப் புதிதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அந்த 1ஏ எப்படி வாங்கப்படுகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆர்டிஓ வாசலில் ஆளைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தித் தருகிறார்கள்.

பிரிட்டனில் எந்த நோய்க்குக் கார் ஓட்டக் கூடாது, எத்தனை மாதம் கழித்து ஓட்டலாம் என்று விரிவான மருத்துவ விதிகள் இருக்கின்றன, நோய் வந்தால் ஓட்டுநர் தானே தெரிவிக்கவும் வேண்டும். அந்த அடித்தளம் இருப்பதால் அவர்கள் அதன்மேல் கட்ட முடிந்தது. நமக்கு அது இல்லை. விமானத்துக்கென்று தனிப் பட்டியல் நமக்கு வேண்டும்.

ஐகாவோ விதின்னு ஒண்ணு இருக்கே, நாம இஷ்டத்துக்கு மாத்த முடியுமா?

முடியும். 1944-இல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தத்தின் 38-ஆம் பிரிவு, ஐகாவோ தரத்திலிருந்து விலக நினைக்கும் நாடு அதை ஐகாவோவுக்குத் தெரிவித்துவிட்டு விலகலாம் என்கிறது. 39, 40-ஆம் பிரிவுகளின்படி, அப்படி முழுத்தரம் இல்லாத லைசென்ஸில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும், மற்ற நாடு அனுமதித்தால்தான் அங்கே பறக்கலாம். பேசிக்மெட் ஜக்கூரில் செல்லாததற்கும் இதுதான் வேர். ஜக்கூரிலிருந்து நந்தி மலை வரை போய்த் திரும்புபவருக்கு வெளிநாட்டு அங்கீகாரம் எதற்கு? உள்நாட்டுக்கு மட்டும் என்று ஒரு சான்றை இந்தியா தாராளமாக உருவாக்கலாம். முழுத்தரம் வேண்டியவர் கிளாஸ் டூவையே தொடரட்டும்.

மனசு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட போனா லைசென்ஸ் போயிடும்ங்கறாங்க. போகாமலேயே இருந்துடலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தக் கேள்வியை ஒரு பெண் பயிற்சி மாணவி என்னிடம் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவர் கையில் செல்லுபடியாகும் கிளாஸ் ஒன் இருந்தது. பல மருத்துவர்களைப் பார்த்திருந்தார், வேலைக்குப் போக வேண்டாம் என்ற சீட்டும் வாங்கியிருந்தார், அதை நிறுவனத்திடம் மறைத்தார். இதைவிடக் கடுமையாக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். மறைக்கும் காரணத்தை அது மேலும் கூட்டும் என்பது என் எண்ணம்.

தூக்கமின்மை, பிரிவுத் துயரம், பதற்றம் இவற்றுக்காக ஆலோசனைக்குப் போவது ஒன்று. தீவிர மனநோய் வேறு. இரண்டுக்கும் ஒரே பயம் இருக்கும்படி விதியை வைத்திருப்பதுதான் தவறு. உதவி தேவையென்றால் போங்கள், பறப்பதைச் சில வாரம் நிறுத்தி வையுங்கள். லைசென்ஸ் காத்திருக்கும்.

எல்லாம் சரி, கீழே குடியிருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?

எலஹங்காவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் உறவினர் கேட்டது. நியாயமான கேள்வி. விமான மருத்துவத்தில் நீண்ட காலமாக ஒரு விதி உண்டு: ஒரு விமானி ஓராண்டில் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இது நூற்றுக்கணக்கான பயணிகளை ஏற்றிச் செல்லும், இரண்டு விமானிகள் உள்ள விமானங்களை வைத்துப் போட்ட கணக்கு. பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் செஸ்னா 152-இல் இருவர்தான் உட்காரலாம். முழு எடையே 757 கிலோ. அதை ஓட்டுபவர் ஆண்டுக்குச் சில பத்து மணி நேரம்தான் காற்றில் இருப்பார்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஓட்டுபவர் ஒருவரே என்பதால் அவருக்கு முடியாமல் போனால் கைகொடுக்க ஆளில்லை. ஆகவேதான் பகல் நேரம், எடை, பயணிகள் எண்ணிக்கை என்ற ஆஸ்திரேலிய வேலிகள் நமக்கும் வேண்டும். நெரிசலான ஊருக்கு மேல் பறப்பதற்குக் கூடுதல் கட்டுப்பாடு வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்போ உங்க யோசனைதான் என்ன?

முதல்முறை எடுக்கும் கிளாஸ் டூ இப்போதுள்ளபடியே இருக்கட்டும். நிறக்குருடு, பிறவி இதயக் கோளாறு, வலிப்பு எல்லாம் அங்கேதான் பிடிபடும். புதுப்பிக்கும்போது, உள்நாட்டுக்குள் பகலில் 2,000 கிலோவுக்குள் இருக்கும் விமானத்தைக் காசு வாங்காமல் ஓட்டுபவர், தனக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் எம்பிபிஎஸ் மருத்துவரிடமே டிஜிசிஏ பட்டியலை நிரப்பி வாங்கிக்கொள்ளலாம். ஆர்டிஓ கதை இங்கேயும் வராதா என்றால், வரலாம். அதற்காக மருத்துவரின் பதிவு எண்ணோடு பட்டியலை ஆன்லைனில் ஏற்றச் சொல்லி, அவற்றில் சிலவற்றை எதேச்சையாக எடுத்துச் சரிபார்க்க வேண்டும். அமெரிக்கா போல ஆன்லைன் பாடம் கட்டாயம். மாரடைப்பு, வலிப்பு போன்ற பெரிய நோய்கள் வந்தால் மறுபடி முழுப் பரிசோதனை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. மருந்து மாறியதையோ புது நோயையோ தானாக வந்து சொல்பவருக்கு உடனே டி.யூ. போடக் கூடாது. பறக்காமல் காத்திருக்கும் காலம் இவ்வளவு என்று மருந்து வாரியாக முன்பே அச்சிட்டு வைத்துவிட்டால் அந்த ஐம்பது வயது நண்பர் மறுநாளே மாத்திரையை மாற்றியிருப்பார்.

மெடிக்கல் கையில இருக்கு. இன்னைக்கு லேசா சளி, ஒரு மாத்திரை போட்டிருக்கேன். பறக்கலாமா?

வேண்டாம். காதும் சைனஸும் அடைத்திருந்தால் இறங்கும்போது உயிர் போகிற வலி வரும். மாத்திரை அதைவிட மோசம். அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, 1990 முதல் 2012 வரை விபத்தில் இறந்த விமானிகளின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தது. செயல்திறனைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் அதிகம் கிடைத்தது டைஃபென்ஹைட்ரமின், அதாவது மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும் தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மருந்து. நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் செட்ரிசினும் தூக்கம் தருவதுதான். எந்த மெடிக்கலும் இதைப் பிடிக்காது, அன்று காலையில் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். நான் சொல்லும் ஆன்லைன் பாடத்தில் முதல் அத்தியாயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாங்க என்ன செய்யலாம்? யார் கேட்கப் போறாங்க?

டிஜிசிஏ விதி மாற்றங்களின் வரைவைத் தன் இணையதளத்தில் போட்டுக் கருத்துக் கேட்கிறது. மருத்துவ விதிகள் விமானப் போக்குவரத்து விதித்தொகுப்பின் 7-ஆம் பிரிவில், சி வரிசையில் வரும். வரைவு வந்தால் எந்தப் பத்தி, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும், எந்த நாட்டில் அது நடைமுறையில் இருக்கிறது என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பயிற்சிப் பள்ளியும் இன்ஸ்ட்ரக்டர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அந்தப் பட்டியலை நிரப்பித் தர எவ்வளவு நேரம் ஆகும், தயக்கம் எதில் இருக்கிறது என்று கேட்டு, அவர் சொன்னதையும் இணைத்து அனுப்புங்கள். கையெழுத்துப் போடப்போவது அவர்தான்.